கூகுளைத் திட்டுவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கதவைத் திறங்கள்

'திருநங்கைகள் கூகுளையும் யூடியூப்பையும் பார்த்து தாங்களாகவே ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை.' மருத்துவக் கருத்தரங்குகளில், செய்தித்தாள்களின் நலவாழ்வுப் பக்கங்களில், ஏன், நம் தோழர்கள் நடத்தும் கூட்டங்களில்கூட இதைக் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. இதில் முதல் பாதி உண்மை. தேடுகிறார்கள், தாங்களாகவே மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், அதனால் உடம்பு கெட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது பாதி பொய். விழிப்புணர்வு இல்லாத ஒருவர் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜன் போட்டால் கல்லீரல் என்னாகும் என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். அவருக்குத் தன் உடம்பின் மேல் அக்கறை இருக்கிறது. அந்த அக்கறையோடு அவர் போய் நிற்பதற்கு ஓர் இடம் இல்லை. அதனால்தான் போனைத் தட்டுகிறார்.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். திருநர்கள் இணையத்தில் மருத்துவம் தேடுவது அவர்களுடைய பழக்கமோ குணமோ அல்ல. அரசு மருத்துவமனை செய்யத் தவறிய வேலையை அவர்கள் தங்கள் கைக்காசையும் தூக்கத்தையும் போட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் யாருக்குச் சரியான பதில் கிடைக்கும், யாருக்குத் தப்பான பதில் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே இது தலித் அரசியலின் பிரச்சனை.

என்ன தேடுகிறார்கள்?

களப்பணியில் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அப்படியே எழுதுகிறோம். கருத்தடை மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை போட்டால் மார்பு வளரும்? ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷமாச்சு, சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, யாரிடம் காட்டுவது? ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன், ஹார்மோனும் சேர்த்துப் போடலாமா? திருநம்பிகளிடம் இருந்து வரும் கேள்விகள் வேறு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் மாதவிடாய் எப்போது நிற்கும்? மார்பை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டுகிறது, இது ஆபத்தா? ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் ஆகுமா?

இவற்றில் ஒன்றுகூட வெட்டிக் கேள்வி இல்லை. ஒவ்வொன்றுக்கும் மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது. மாலா-டி, மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகளில் இருப்பது எதினைல் ஈஸ்ட்ராடையால் என்ற வகை. இரத்தம் உறையும் ஆபத்தை அது கூட்டுகிறது என்பதால் திருநங்கைகளின் ஹார்மோன் சிகிச்சைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக அளவில் வழிகாட்டு நெறிகள் சொல்லி நெடுநாளாகிறது. புகை பிடிப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால், காரணமில்லாமல் நெஞ்சு வலித்து மூச்சுத் திணறினால், அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறுநீர்ப் பாதை சுருங்கிப்போவது ஆபரேஷனுக்குப் பின் வரக்கூடிய, சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய சிக்கல். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை அல்ல. மாதவிடாய் நின்ற பிறகும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு. ஊசி போடுகிறவர்களுக்கு இரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூடுகிறதா என்று அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். எந்த ஹார்மோன் ஆனாலும் முதல் ஆண்டில் சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை தேவை.

இதைச் சொல்லி முடிக்க நமக்கு ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. இந்த ஒரு பத்தி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது? சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, டெங்கு, காசநோய் எல்லாவற்றுக்கும் படம் போட்ட சுவரொட்டி இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். திருநருக்கு இருப்பது எச்ஐவி சுவரொட்டி மட்டும்தான். அவர்கள் உடம்பில் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஒரு கிருமி மட்டுமே.

தமிழில் தேடினால் கிடைப்பது

ஆங்கிலத்தில் தேடுகிற ஒருவருக்கு அமெரிக்க, இங்கிலாந்து மருத்துவமனைகளின் விளக்கங்கள் கிடைக்கும். எந்த மருத்துவர் நல்லவர், எவ்வளவு கட்டணம், என்ன பரிசோதனை என்று அனுபவித்தவர்களே எழுதிய குறிப்புகள் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் திருநர் நிலையை மனநோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது, அது 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது என்ற செய்தியும் கிடைக்கும். வீட்டில் அப்பா மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனால், அதைக் காட்டி வாதாடலாம்.

தமிழில் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது என்ன? ஆபரேஷன் எப்படிப் பண்ணினார்கள், அறுத்தபோது வலித்ததா என்று கேட்டு, அழும் முகத்தைக் கிட்டத்தில் காட்டும் யூடியூப் பேட்டிகள். சிறுபடத்தில் சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி. அதற்குக் கீழே ஆபாசக் கருத்துகள். அதற்கு நடுவில் மார்பு வளர ஆயுர்வேத க்ரீம், முப்பது நாளில் பெண்மை என்று விளம்பரங்கள். பிறகு பையனைப் பையனாகவே மாற்றித் தருகிறோம் என்கிற சாமியார்களும் சித்த வைத்தியர் வேடம் போட்டவர்களும். இப்போது புதிதாக, கேட்டதும் நல்ல தமிழில் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்திருக்கின்றன. அவை தயங்காமல் பேசுகின்றன. ஆனால் கேட்கிறவரின் இரத்த அறிக்கையை அவை பார்க்கவில்லை. தப்பாகப் போனால் அவற்றின் வாசலில் போய் நின்று கேட்கவும் முடியாது.

தமிழில் நல்ல தகவலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் ஓரினம் குழு பல ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்து வைத்திருக்கிறது. ஹைதராபாதில் திருநங்கைத் தோழர்கள் தெலுங்கு, கன்னடம், உருது மொழிகளில் தாங்களே காணொளிகள் தயாரித்தார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவும் ரேவதியும் தங்கள் உடம்பில் நடந்ததை மறைக்காமல் தமிழில் எழுதிய பிறகுதான், தாயம்மா கையால் செய்யும் நிர்வாணத்துக்கும் டாக்டர் கையால் செய்யும் நிர்வாணத்துக்கும் என்ன வேறுபாடு, இரண்டிலும் என்ன ஆபத்து என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. இவை அத்தனையும் இந்தச் சமூகத்தின் சொந்த உழைப்பு. சுகாதாரத் துறைக்கு இதில் என்ன பங்கு என்பதுதான் நம் கேள்வி.

இணையத்திலும் ஊர் வேறு, சேரி வேறு

போன் எல்லோர் கையிலும் வந்துவிட்டது, இனி சமத்துவம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. சமூகவியல் படித்தவர்களிடமே இதைக் கேட்டிருக்கிறோம். இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த, மேல்சாதிக் குடும்பத்துத் திருநங்கை. அவரும் துன்பப்படுகிறார், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவரிடம் தனி அறை இருக்கிறது, பூட்டு போட்ட மடிக்கணினி இருக்கிறது, படித்ததைப் புரிந்துகொள்ளும் மொழி இருக்கிறது. தனியார் ஹார்மோன் மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க முடிகிறது. தேடலில் கிடைத்த தகவல் தப்பாக இருந்தால் அதைத் திருத்த ஒரு மருத்துவர் இருக்கிறார்.

இன்னொருவர் கூலித் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்த தலித் திருநங்கை. பள்ளியில் சாதிப் பெயர் சொல்லி ஒரு கூட்டம், நடையைச் சொல்லி ஒரு கூட்டம் விரட்டியதில் எட்டாம் வகுப்போடு வெளியே வந்தவர். வீட்டை விட்டும் வெளியே வந்தவர். கடை கேட்டோ பாலியல் தொழில் செய்தோ பிழைக்கிறார். கையில் இருப்பது திரை உடைந்த போன், அதையும் அறையில் நாலு பேர் பார்ப்பார்கள். நீளமாக எழுதியிருப்பதைப் படிக்க அவருக்குச் சிரமம். ஆகவே அவருக்குத் தகவல் வருவது வாட்ஸ்ஆப்பில் சுற்றும் குரல் பதிவாகத்தான். யார் பேசியது, எப்போது பேசியது, எந்த மாத்திரையைப் பற்றிப் பேசியது என்று தெரியாது. அதைக் கேட்டுவிட்டு மருந்துக் கடையில் போய், மேலட்டையைக் காட்டி வாங்குகிறார். சரிபார்க்க யாரும் இல்லை. தப்பாகப் போனால் விலை கொடுப்பது அவர் உடம்பு.

இது நம் கற்பனை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' என்று பதிவானவர்கள் நாடு முழுவதும் 4,87,803 பேர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 56 சதவீதம். நாட்டின் மொத்த எழுத்தறிவு அப்போது சுமார் 74 சதவீதம். அந்த 4,87,803 பேரில் பட்டியல் சாதியினர் 78,811 பேர், பழங்குடியினர் 33,293 பேர். மறைந்து வாழ்கிறவர்களையும் சேர்த்தால் உண்மை எண்ணிக்கை இதைவிட எவ்வளவோ அதிகம் என்பது களத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெண்களின் நிலையே என்ன? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான், ஆண்கள் பாதிக்கு மேல். குடும்பத்தோடு இருக்கும் பெண்ணுக்கே போன் இப்படிக் கிடைக்கிறது என்றால், குடும்பம் தூக்கி எறிந்த தலித் திருநங்கைக்கு என்ன கிடைக்கும்?

மகத் குளம் நமக்குச் சொன்னது

பம்பாய் சட்டமன்றம் 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுப் பணத்தில் கட்டிய குளம், கிணறு எல்லாம் தீண்டப்படாத மக்களுக்கும் உண்டு என்றது தீர்மானம். 1924இல் மகத் நகராட்சி அதை ஏற்று, சவதார் குளம் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தது. ஆனால் ஒரு தலித் கைகூட அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய்க் குளத்தில் இறங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. தாளில் திறந்த குளம் வேறு, கையில் அள்ளும் தண்ணீர் வேறு. நூறு வருடம் ஆகப்போகிறது, இந்தப் பாடத்தை நம்மை விட யார் நன்றாக அறிவார்கள்?

திருநர் மருத்துவமும் இப்போது தாளில் திறந்த குளம்தான். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனைகளில் திருநருக்கு உரிய சிகிச்சை கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் பல காரணங்களுக்காக எதிர்த்தோம், எதிர்க்கிறோம். ஆனால் அந்தச் சட்டமே தன் 15ஆம் பிரிவில் அரசின் கடமைகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறது: அறுவை சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் தரும் வசதி, அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனை, சர்வதேச நெறிகளின்படி ஒரு மருத்துவக் கையேடு, மருத்துவப் பாடத்திட்டத்தில் மறுஆய்வு, செலவை ஏற்கும் காப்பீடு. கையேடு என்ற சொல்லைக் கவனியுங்கள். தகவல் தருவது அரசின் சட்டக் கடமை. யூடியூப்பில் பேசும் ஒரு திருநங்கை அக்காவின் கடமை அல்ல.

2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் என்ற திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு என்றார்கள். அதைப் பெற திருநர் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு 2020 நவம்பரில் தொடங்கிய தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இணையம் வேண்டும், ஆதார் வேண்டும், முகவரி வேண்டும். வீட்டில் இருந்து துரத்தப்பட்டவரின் முகவரி எது? ஆக, மருத்துவத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் இணையம், மருத்துவத்துக்குப் பணம் பெறவும் இணையம். இந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வழுக்கி விழுவது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாடு முன்னோடி மாநிலம் என்பதை நாம் மறுக்கவில்லை. 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாக நல வாரியம் அமைத்தது இங்கேதான். அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்ற உரிமையை இங்கே திருநங்கைகள் போராடிப் பெற்றார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் திருநருக்கான தனிப் பிரிவு இருக்கிறது. சரி. கிருஷ்ணகிரி மலைக் கிராமத்தில் இருக்கும் பதினெட்டு வயதுத் திருநம்பிக்கு அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த அறையில், என்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று யார் சொல்வது? போனமுறை போய் வந்த ஒரு தோழரின் வாட்ஸ்ஆப் நிலைத்தகவலில் இருந்துதான் இதெல்லாம் தெரியவருகிறது. அரசுத் திட்டத்தைப் பற்றிய தகவலே வதந்தி மாதிரி காதோடு காதாகப் பரவ வேண்டியிருப்பது யாருடைய வெட்கக்கேடு?

மருத்துவருக்குத் தெரியுமா?

டாக்டரிடம் போங்கள் என்கிறார்கள். போனால் என்ன நடக்கிறது? ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் ஆணா பெண்ணா என்று உரக்கக் கேட்டு வரிசையையே திரும்பிப் பார்க்க வைக்கிறார்கள். பெண்கள் வார்டில் படுக்க வைத்தால் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள், ஆண்கள் வார்டில் படுக்க வைத்தால் இரவில் தூங்க முடியாது. காய்ச்சலுக்குப் போனாலும் எச்ஐவி பரிசோதனைக்கு எழுதுகிறார்கள். நாடி பார்க்கக் கை வைக்காமல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே மாத்திரை எழுதும் மருத்துவர்களை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். தொடாமல் பார்க்கும் வைத்தியத்தை நம் தாத்தா பாட்டிமார்கள் நன்றாக அறிவார்கள். தலித் திருநங்கைக்கு அந்தத் தீண்டாமை இரண்டு மடங்கு.

எல்லா மருத்துவர்களும் கெட்டவர்கள் என்பதல்ல நம் வாதம். அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது என்ன? 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலின, பாலியல் சிறுபான்மையினரை மருத்துவத்தின் பெயரால் 'மாற்ற' முயல்வதைத் தடை செய்ய உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய மாற்று சிகிச்சையைத் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. ஆனால் அதே ஆணையம் 2024 ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட தடயவியல் பாடத்திட்டத்தில், பெண் தன்பாலுறவை இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் மறுபடியும் சேர்த்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. மருத்துவக் கல்வியின் தலைமைப் பீடத்தின் நிலையே இதுவென்றால், அங்கே படித்து வந்தவரிடம் ஒரு திருநங்கை எதை நம்பிப் பேசுவார்?

சுஷ்மா வழக்கில் இன்னொன்றும் நடந்தது. இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகச் சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார், திருநர் சமூகத்தவரிடமும் பேசினார், அதற்குப் பிறகுதான் உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதியால் முடிந்தது ஒரு வட்டார மருத்துவ அலுவலரால் முடியாதா? தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்வது கௌரவக் குறைச்சல் அல்ல. தெரியாமலேயே நோயாளியைத் திட்டி அனுப்புவதுதான் குறைச்சல்.

கேரளத்தில் அனன்யா குமாரி அலெக்ஸ் 2020இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் ஓராண்டுக்கும் மேல் வலியோடு வாழ்ந்தார். சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று ஊடகங்களில் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். 2021 ஜூலையில் உயிரிழந்தார். அவர் வானொலித் தொகுப்பாளர், சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்தவர், கேரளமே அறிந்த முகம். அவ்வளவு குரல் உள்ளவருக்கே வலிக்குப் பதில் கிடைக்கவில்லை. குரலே இல்லாதவர்கள் எத்தனை பேர் எழுதப்படாமல் போனார்கள்?

வெற்றிடத்தில் நுழைகிறவர்கள்

அரசு விட்ட இடத்தில் முதலில் நுழைவது சந்தை. மார்பை வளர்க்கும் க்ரீம் விளம்பரங்களைப் பற்றிச் சொன்னோம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்த நோய்க்கும் நிலைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை பட்டியல் போடுகிறது. மார்பின் வடிவமும் அமைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதாவது இணையத்தில் நாம் தினமும் பார்க்கும் இந்த விளம்பரங்களைத் தடுக்க எழுபது வருடமாகச் சட்டம் தூங்கிக்கொண்டிருக்கிறது. திருநங்கைகளிடம் மாத்திரை வாங்காதே என்று உபதேசம் செய்கிறவர்கள் ஒரு விளம்பரக்காரன் மீதாவது புகார் கொடுத்தார்களா?

அடுத்து நுழைவது தொண்டு நிதி. 2021இல் ஹைதராபாதில் மித்ர் கிளினிக் தொடங்கியது. பிறகு கல்யாண், புனே நகரங்களிலும் வந்தது. திருநரே முன்னின்று நடத்திய, திருநருக்கான மருத்துவமனை. நல்ல வேலை செய்தார்கள். ஆனால் பணம் அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்திடம் இருந்து வந்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் மூன்று கிளினிக்குகளும் மூடப்பட்டன. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து ஹைதராபாத் திருநங்கையின் இரத்தப் பரிசோதனையை நிறுத்துகிறது என்றால், அந்த மருத்துவம் உரிமையாக இல்லை, தயவாக இருந்தது என்று அர்த்தம். தயவு வந்த வழியே போய்விடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில், எப்போதும் கூடவே இருப்பது ஜமாத். நிர்வாணம் செய்துகொண்டவரை நாற்பது நாள் பத்தியம் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் குருபாய்களும் மூத்த அக்காக்களும்தான். அந்த அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது படித்தவர்களின் திமிர். அதே நேரம் அதைப் புனிதமாக்கவும் நாம் தயாரில்லை. அங்கேயும் தவறான மருந்து பரவுகிறது, அங்கேயும் கடனும் அதிகாரமும் இருக்கின்றன, சில இடங்களில் சாதியும் இருக்கிறது. மூத்தவர்களின் அனுபவத்தோடு மருத்துவ அறிவு சேர வேண்டும். சேர்க்க வேண்டியது சுகாதாரத் துறை. அப்படிச் சேரும்போது அந்த அக்காக்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சான்றிதழும் தேநீரும் கொடுத்து அனுப்பக் கூடாது.

தலித் இயக்கத் தோழர்களுக்கு

இது நம் பிரச்சனையா, நமக்கு நில உரிமை இருக்கிறது, வன்கொடுமை வழக்கு இருக்கிறது, கல்வி உதவித்தொகை இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களிடம் நேராகவே சொல்கிறோம். அந்த 78,811 பேர் நம் பிள்ளைகள். நம் தெருவில் பிறந்து, நம் வீட்டில் அடி வாங்கி, நம் ஊர் பஸ்ஸில் ஏறிப் போனவர்கள். ஊரும் துரத்தியது, சேரியும் துரத்தியது. தூத்துக்குடியில் இருந்து வந்த கிரேஸ் பானு திருநருக்குள் இருக்கும் சாதியையும், தலித் திருநருக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பதையும் ஆண்டுக்கணக்காகப் பேசி வருகிறார். அந்தப் போராட்ட மேடையில் நம் இயக்கங்களின் கொடி எத்தனை முறை தெரிந்தது?

கிடைமட்ட இடஒதுக்கீட்டுக்கும் இந்த மாத்திரைப் பிரச்சனைக்கும் தொடர்பு இருக்கிறது. தலித் திருநர் ஒருவர் செவிலியராக, மருந்தாளுநராக, கிராம சுகாதார ஊழியராக, மருத்துவராக அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாளில்தான் இந்தப் பக்கம் நிற்பவர் பயமில்லாமல் கேள்வி கேட்பார். அதுவரை கேள்விகள் போனுக்குத்தான் போகும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்று, 15ஆம் பிரிவு சொல்லும் கையேடு எளிய தமிழில் வேண்டும். எழுத்தாக மட்டும் போதாது, படிக்க முடியாதவர்களுக்குக் குரல் பதிவாகவும் காணொளியாகவும் சுகாதாரத் துறையே வெளியிட வேண்டும், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அச்சுப் பிரதி இருக்க வேண்டும். இரண்டு, 104 மருத்துவ உதவி எண்ணில் பேசுகிறவர்களுக்கு ஹார்மோன், அறுவை சிகிச்சை, எச்ஐவி மருந்துகளோடு ஒத்துப்போவது பற்றிப் பயிற்சி வேண்டும். மூன்று, எந்த அரசு மருத்துவமனையில் என்ன சிகிச்சை, எந்தக் கிழமை, எவ்வளவு காத்திருப்பு என்ற பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். நான்கு, ஹார்மோன் மருந்தும் அதற்கான இரத்தப் பரிசோதனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலை அல்ல. ஐந்து, இந்த வேலைகளில் திருநரை, அவர்களில் தலித் திருநரை, நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். ஆறு, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி போலி விளம்பரங்கள் மீது வழக்குப் போட வேண்டும்.

கல்லூரித் தோழர்களே, அரசு அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. மருத்துவம், செவிலியர், மருந்தியல் படிக்கும் நம் மாணவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் திருநரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், தவறு இருந்தால் பேராசிரியரிடம் கேளுங்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் திருநருக்கு என்ன சிகிச்சை உண்டு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். வந்த பதிலைத் தமிழில் எழுதி, குரலில் பதிந்து பரப்புங்கள். யூடியூப்பில் கேலிப் பேட்டியைப் பகிரும் நண்பனை அங்கேயே நிறுத்துங்கள். அம்பேத்கர் வாசிப்பு வட்டம் நடத்துகிறீர்கள் என்றால், அடுத்த மகத் நாளுக்கு உங்கள் ஊர்த் திருநங்கை, திருநம்பித் தோழர்களை அழையுங்கள். மாலை போட்டு உட்கார வைப்பதற்காக அழைக்காதீர்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ள அழையுங்கள்.

தேடுகிறவரைக் குற்றவாளி ஆக்கும் பேச்சை முதலில் நிறுத்துவோம். தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்வது பிச்சை அல்ல, உரிமை. அந்த உரிமையை அரசு மருத்துவமனையின் வாசலில், தமிழில், தலைநிமிர்ந்து கேட்டுப் பெறும்வரை நாம் ஓயப்போவதில்லை.

ஜெய் பீம்.